மணி மட்டும் சரியாக இருந்த போன்

எங்கள் வட்டாரத்து செல்போன் சர்வீஸ்காரர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு குரூப் வைத்திருக்கிறோம். நான் கடைவேலையை விட்டுவிட்டாலும் என்னை அதிலிருந்து யாரும் நீக்கவில்லை. போன வாரம் அதில் ஒரு தம்பி கேட்டிருந்தார். கஸ்டமர் போனில் மெசேஜ் ஆப் ‘இணைக்கிறது’ என்று சுற்றிக்கொண்டே இருக்கிறது, நெட் நன்றாக இருக்கிறது, என்ன செய்யலாம் என்று. ஐந்து நிமிஷத்துக்குள் ஆறு பேர் பதில் போட்டார்கள். ஆறு பேரும் ஒரே பதில்தான். ஆப்பைத் தூக்கிவிட்டுத் திரும்பப் போடு.

நான் ‘தூக்காதே’ என்று ஒரே ஒரு வார்த்தை போட்டேன். என்ன அண்ணாச்சி, பயமா என்று ஒருவர் சிரிக்கிற பொம்மை போட்டார். பயம்தான். ஆனால் எதனால் பயம் என்று குரூப்பில் தட்டி முடிக்க முடியாது. அதனால்தான் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ஆள் பெயர்களை மாற்றியிருக்கிறேன், மற்றது நடந்தது நடந்தபடி.

நான் முதலில் கம்பத்தில் ஏறிய ஆள். டெலிபோன் லைனில் தினக்கூலியாகப் பதினெட்டு வருஷம். அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற வழியில் எந்தக் கம்பம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன். அந்த வேலையில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. ஒயர் அறுந்திருந்தால் அறுந்திருப்பது கண்ணுக்குத் தெரியும். முறுக்கிக் கட்டினால் பேச்சு வரும். வீட்டுப் போன்கள் ஒவ்வொன்றாகச் செத்து, எங்களுக்கும் இனி வேலையில்லை என்று சொன்னபோது எனக்கு நாற்பத்து மூன்று வயது. மதுரையில் நாற்பது நாள் செல்போன் கோர்ஸ் படித்தேன். கூடப் படித்தவர்களுக்கு என் மகன் வயசு. சர்டிபிகேட்டில் என் இனிஷியலைத் தப்பாகப் போட்டுக் கொடுத்தார்கள். என் பயிற்சியைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான் இருக்கிறது.

அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஜெயந்தி என்ற பெண் சர்வீஸ் கடை வைத்திருந்தார். அவர் அப்பாவுக்குப் பலசரக்குக் கடை. மகள் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் முடித்துவிட்டு, கல்யாணத்துக்குப் பிறகும் பிடிவாதமாகக் கடை போட்டவர். நான் வேலைக்குச் சேர்ந்தபோது அவருக்கு முப்பது முடியவில்லை. அவர் என்னை அண்ணே என்பார். நான் முதலாளியம்மா என்பேன். அப்படிக் கூப்பிட முதல் ஆறு மாதம் என் நாக்கு கூசியது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஜெயந்தியிடம் ஒரு வழக்கம் இருந்தது. கஸ்டமர் பேசிக்கொண்டிருக்கும்போது போனைத் தொடவே மாட்டார். இரண்டு கையையும் மேஜைக் கண்ணாடி மேல் வைத்துக்கொண்டு மூன்று கேள்வி கேட்பார். கடைசியா எப்ப நல்லா இருந்துச்சு? அதுக்கப்புறம் போனுக்கு என்ன ஆச்சு? நீங்க அதுல எதை மாத்துனீக? அவர்கள் எவ்வளவு சுற்றி வளைத்துச் சொன்னாலும் கேட்டுக்கொண்டே இருப்பார். போன் மாட்டுக்குத் தண்ணி காட்டுகிற தொட்டியில் விழுந்தது என்பதைச் சொல்ல, அந்த மாட்டை எந்தச் சந்தையில் பிடித்தோம் என்பதிலிருந்து ஆரம்பிக்கிறவர்கள் எங்கள் ஜனங்கள். அதையும் கேட்பார்.

பிறகுதான் ஜாப் கார்டை எடுப்பார். மெசேஜ் ஆப் இணைய மாட்டேன் என்கிறது என்றால் அதற்குத் தனியாக ஐந்து வரி அச்சடித்து வைத்திருந்தார். தேதியும் மணியும் சரியா. போனில் இடம் மிச்சம் இருக்கிறதா. நெட் வேறு எதிலாவது வருகிறதா. ஆப் பழசாகிவிட்டதா. சிம் உயிரோடு இருக்கிறதா. ஒவ்வொன்றையும் பார்த்துவிட்டு அந்த வரிக்கு நேரே சரிக்குறி போட வேண்டும். ஐந்தும் சரியென்றால்தான் ஆப்பைத் தூக்குகிற பேச்சு. அதுவும் அவரிடம் கேட்ட பிறகுதான்.

தேதியை ஏன் முதலில் வைத்தார் என்று புதிதாக வந்தபோது கேட்டேன். அந்த ஆப் ஒவ்வொரு தடவையும் தன் கம்பெனிக் கம்ப்யூட்டரோடு கதவைத் தட்டிப் பேசுகிறது. போனில் தேதி தப்பாக இருந்தால் இது ஏதோ கள்ள ஆள் என்று அங்கே கதவைத் திறக்க மாட்டார்கள். நெட் முழுசாக இருக்கும், மற்றதெல்லாம் ஓடும், இது மட்டும் சுற்றும். ஜெயந்தி இதைச் சொன்னபோது தலையை ஆட்டினேன். புரிந்தும் இருந்தது.

வீரசோழனிலிருந்து ஒரு அம்மா வந்தார்கள் ஒரு தடவை. வீட்டுக்காரர் வெளிநாட்டில். மூன்று நாளாக அவரோடு பேச முடியவில்லை என்று அழுகை. நான் பெரிய ஆள் மாதிரி நெட்டைச் சோதிக்கக் கிளம்பினேன். ஜெயந்தி இரண்டாவது வரியில் நிறுத்தினார். போனில் ஒரு குண்டூசி விழ இடமில்லை. முழுக்கக் காலை வணக்கப் படங்கள். ரோஜாப்பூ, சூரியன், குழந்தை, மறுபடி ரோஜாப்பூ. எல்லாம் அவர்கள் நாத்தனார் அனுப்பியது. அழித்ததும் வீட்டுக்காரர் வந்துவிட்டார். நாத்தனாரை என்ன செய்வது என்று அந்த அம்மா கேட்டதற்கு, அது எங்க கார்டுல இல்லம்மா என்றார் ஜெயந்தி. அவர் கிண்டல் செய்து நான் கேட்டது மொத்தமே நாலைந்து தடவை இருக்கும்.

இப்படி எட்டு வருஷம் ஓடியது. எட்டு வருஷத்தில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறிவிட்டது. போனைக் கையில் வாங்கினதும் நோய் தெரிகிறது என்று நினைக்க ஆரம்பித்தேன். கார்டில் ஐந்து சரிக்குறியையும் வேலையெல்லாம் முடிந்த பிறகு, ஒரே இழுப்பில், வரிசையாகப் போட்டு வைப்பேன். ஜெயந்திக்குத் தெரியாது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அது ஒரு செவ்வாய்க்கிழமை. ஜெயந்தி சாமான் எடுக்க மதுரைக்குப் போயிருந்தார். பதினொரு மணி வாக்கில் வேலுச்சாமி என்பவர் வந்தார். என் வயசு ஆள், நூல் மில்லில் வாட்ச்மேன். சம்சாரம் இல்லை, பிள்ளை இல்லை, மில்லுக்குள்ளேயே ஒரு அறையில் தங்கல். பதினைந்து நாளுக்கு முன்புதான் பழைய மில்லை விட்டு இந்த மில்லுக்கு மாறியிருந்தார். சிம்முக்கு ரீசார்ஜ் போட்டு மாதக்கணக்காகிறது. மில்லில் வைஃபை இருக்கிறது, அதில் மெசேஜ் ஆப் ஓடுகிறது, அது போதும் என்று விட்டுவிட்டார். அவரைப் பிடிக்க உலகத்தில் இருந்த ஒரே வழி அந்த ஆப்தான்.

அவருக்கு ஒரே தங்கச்சி, பாண்டியம்மா. நரிக்குடி தாண்டி ஒரு ஊரில் கட்டிக் கொடுத்தது. அந்த அம்மாவின் புருஷன் முன்னமே தவறிவிட்டார். கல்யாணமாகாத ஒரே மகள் முத்துமாரியோடு இருந்தார்கள். அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் எழுத்து அவ்வளவாக வராது. தினமும் குரலில் பேசி அனுப்பிக்கொள்வார்கள். தங்கச்சிக்குக் கொஞ்ச நாளாக மூச்சு வாங்குகிறதாம். இரண்டு நாளாக ஆப் சுற்றுகிறது, தங்கச்சி என்ன சொல்லுதுன்னு தெரியல, சட்டுனு பாத்துக் குடுங்கண்ணே என்றார்.

அன்றைக்குக் கடையில் கூட்டம். மூன்று கேள்வியையும் கேட்கத்தான் செய்தேன். ஆனால் கேட்டுக்கொண்டே போனைக் கையில் வாங்கிவிட்டேன். எதை மாத்துனீக என்றதற்கு அவர் சொன்னது இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

“ஒண்ணும் மாத்தலண்ணே. சார்ஜு இல்லாம செத்துப்போச்சு. உசுரு வந்ததும் மணி தப்பா இருந்துச்சு. மில்லுல சங்கு ஊதுறப்ப அதுக்குச் சரியா மணி வச்சேன். அம்புட்டுதேன்.”

நான் சிரித்தேன். சங்குக்கு மணி வைக்கிற காலம் இன்னும் இருக்கா என்று கேலி பேசினேன். போனின் மேல்மூலையில் மணியைப் பார்த்தேன். கடைச் சுவர்க் கடிகாரத்தோடு ஒரு நிமிஷம் கூடப் பிசகவில்லை. மணி சரியாக இருந்ததால் தேதியும் சரியாகத்தான் இருக்கும் என்று என் மூளை தானாக எழுதிக்கொண்டது. அந்தப் போன் பழையது. பேட்டரி செத்துப் பிழைத்தால் தேதி எங்கோ பழைய வருஷத்து ஜனவரி ஒன்றுக்குப் போய், அங்கிருந்து ஓட ஆரம்பிக்கும். தேதி தானாக மாறுகிற வசதியும் அதில் அணைந்து கிடந்தது. வாட்ச்மேனுக்கு ஷிப்டு மணிதான் கணக்கு, தேதி எதற்கு? அவர் மணியை மட்டும் திருத்திவிட்டுத் தேதியை அப்படியே விட்டிருந்தார். நான் விரலால் ஒரு தடவை திரையை இழுத்திருந்தால் தேதி தெரிந்திருக்கும்.

இழுக்கவில்லை. ஆப்பைத் தூக்கினேன். திரும்பப் போட்டேன். போட்டதும் அது நம்பரைக் கேட்டது, சிம்முக்கு ஆறு நம்பர் கோடு அனுப்புகிறேன் என்றது. கோடு வரவில்லை. ரீசார்ஜ் இல்லாத சிம்முக்குக் கோடு எப்படி வரும்? அது ஐந்தாவது வரி. அதையும் நான் பார்க்கவில்லை. மறுபடி கேட்டேன், போன் பண்ணிச் சொல்லு என்று அழுத்தினேன், மறுபடி கேட்டேன். பல தடவை முயன்றுவிட்டீர்கள், பன்னிரண்டு மணி நேரம் கழித்து வாருங்கள் என்று பூட்டிக்கொண்டது. வந்தபோது தேதியை மட்டும் மாற்றியிருந்தால் சரியாகியிருக்கும் போன், என் கையில் கால் மணி நேரத்தில் முழுசாகச் செத்தது.

வேலுச்சாமியிடம் கம்பெனிக் கோளாறு, நாளைக் காலையில் வாங்க என்று சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு நைட் ஷிப்டு முடிந்து வருவதாகச் சொல்லிப் போனார். நான் கார்டை எடுத்து ஐந்து சரிக்குறியையும் ஒரே இழுப்பில் போட்டேன்.

மறுநாள் புதன். பத்து மணிக்குக் கொஞ்சம் முன்பு வேலுச்சாமி வந்து உட்கார்ந்தார். ஜெயந்தி வந்ததும் கார்டைப் பார்த்தார், போனைப் பார்த்தார், திரையை இழுத்தார். போனையும் கார்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து என் பக்கமாகத் திருப்பினார். திரையில் பழைய வருஷத்து ஜனவரி நாலு. கார்டில் முதல் வரியில் என் சரிக்குறி. கஸ்டமருக்கு முன்னால் வேலைக்காரனைக் குறை சொல்கிற பழக்கம் அவருக்கு இல்லை. அன்றைக்கு வாய்விட்டுத் திட்டியிருந்தால் எனக்கு நல்லதாக இருந்திருக்கும்.

அவரே தேதியை மாற்றினார், அவரே ரீசார்ஜ் போட்டார். கோடு வந்தது. ஆப் திறந்தது. இரண்டு மூன்று நாளாக அங்கே காத்துக் கிடந்ததெல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக விழ ஆரம்பித்தது. வேலுச்சாமிக்கு முகமெல்லாம் மலர்ச்சி. எம்புட்டுப் பேசியிருக்கு பாருங்க என்று சொல்லி, போனை என்னிடமே நீட்டி, முதல்லருந்து வைங்கண்ணே என்றார். நான்தான் ஒவ்வொன்றாக வைத்தேன்.

முதலில் தங்கச்சி குரல். சாப்பிட்டாயா, லேசா மூச்சு வாங்குது, ஆசுபத்திரியில ஒண்ணுமில்லேன்னுட்டாக என்று. அடுத்தது செவ்வாய்க்கிழமை காலையில் அனுப்பியது.

“அண்ணே, நான் பேசுனதெல்லாம் ஒத்த டிக்குலயே நிக்குதுன்னு முத்துமாரி சொல்லுது. எதும் கோவமாண்ணே? ஒரு எட்டு வந்துட்டுப் போ.”

அதற்கடுத்தது மகள் குரல். அம்மா போயிருச்சு மாமா என்று மட்டும் இருந்தது. செவ்வாய் மத்தியானம் இரண்டு மணிக்கு அனுப்பியது. அதன் பிறகு எழுத்தில் வந்தவை. மாமா உங்க பழைய மில்லுக்கு ஆள் போய் இல்லைன்னு திரும்பிட்டாக, புது மில்லு எதுன்னு யாருக்கும் தெரியல. நாளைக்குக் காலையில எடுக்கப்போறாக. கோடி கொண்டு வாங்க மாமா. கடைசியாக அன்று காலை ஒன்பதரைக்கு, எங்க மாமா இருக்கீக.

கோடி என்றால் பிறந்த வீட்டுச் சேலை. எங்கள் பக்கம் பெண் இறந்தால் அண்ணன் தம்பி கொண்டுவரும் புதுச்சேலையைப் போர்த்தித்தான் எடுப்பார்கள். அது இல்லாமல் போனால் கேட்பாரில்லாத பெண் என்று அர்த்தம். எந்த அண்ணனுக்கும் அதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. வேலுச்சாமி அழவில்லை. எழுந்து நின்று, மணி என்ன ஆச்சுண்ணே என்று கேட்டார். பத்தேகால். புதன்கிழமை ராகுகாலம் பன்னிரண்டுக்கு. அதற்குள் எடுத்துவிடுவார்கள். நரிக்குடிக்கு அந்தப் பக்கம் என்றால் பைக்கில் ஒரு மணி நேரம்.

நான் வண்டிச் சாவியை எடுத்தேன். போகிற வழியில் ஜவுளிக்கடையில் நிறுத்தி ஒரு காட்டன் சேலை எடுத்தார். பச்சைதான் அதுக்குப் பிடிக்கும் என்று சொல்லிப் பச்சையாக எடுத்தார். கடை வாசலில் அவர் போன் என் சட்டைப்பையில் இருந்தது. அதை எடுத்து, வந்துக்கிட்டு இருக்கோம்னு ஒரு வார்த்தை போட்டுரவா என்று கேட்டேன்.

“எழவுக்கு வாரேன்னு சொல்லிட்டா போவாக? நேரா போயி நிக்கணும்ணே. வண்டிய எடுங்க.”

அதுவும் எங்கள் பக்கத்து வழக்கம்தான். நல்லதுக்குத்தான் வருகிறேன் என்று சொல்வது. கேதத்துக்குச் சொல்வதில்லை. நான் போனைத் திரும்பப் பையில் போட்டேன். நரிக்குடி தாண்டும்போது, நம்மள விட்டுட்டு எடுக்க மாட்டாகல்லண்ணே என்று என் முதுகுக்குப் பின்னாலிருந்து கேட்டார். எடுக்க மாட்டாக என்றேன்.

பதினொன்றரைக்குப் போய்ச் சேர்ந்தோம். தெருவில் பூவிதழ் கிடந்தது. எடுத்து அரைமணி ஆச்சு என்று யாரோ சொன்னார்கள். வண்டியை அப்படியே இடுகாட்டுக்கு விட்டேன். மண் மூடி முடிந்திருந்தது. பங்காளிகள் கண்மாயில் குளித்துக்கொண்டிருந்தார்கள். வேலுச்சாமி மடிப்புக் கலையாத அந்தச் சேலையை உதறி, மண்மேட்டின் மேல் விரித்து, நான்கு மூலைக்கும் கல் வைத்தார். காற்றுக்கு ஒரு மூலை எழும்பிக்கொண்டே இருந்தது. அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான் அங்கே நின்று அழுதேன். என்னை யாரென்றே தெரியாதவர்கள் பார்த்துக்கொண்டு போனார்கள்.

வீட்டுக்குத் திரும்பியதும் பாண்டியம்மாவின் கொழுந்தனார், ஊரில் மரியாதையான ஆள், இப்பத்தான் வழி தெரிஞ்சுச்சாக்கும் என்று கேட்டார். வேலுச்சாமி கைகட்டி நின்று, ரீசார்ஜு போடாம விட்டுட்டேன், எங்குத்தம்தான் என்றார். பந்தலில் இருந்த முப்பது நாற்பது பேரும் அதைக் கேட்டார்கள். நான் அவருக்குப் பக்கத்திலேயே நின்றேன். இல்லய்யா, நேத்தே எங்கிட்ட வந்தாரு, நான்தான் கெடுத்தேன் என்று சொல்ல எனக்கு ஒரு மூச்சு போதும். சொல்லவில்லை. சொன்னால் அடிப்பார்களோ என்று பயம் இல்லை. எட்டு வருஷத்துக் கெட்டிக்காரன் பெயர் போய்விடும், அவ்வளவுதான். வாசலில் முத்துமாரி கையில் அம்மாவின் போனை வைத்துக்கொண்டு எங்களையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தது. மாமா என்று கூப்பிடவில்லை.

ஜெயந்தி அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. ஆனால் மறுநாளிலிருந்து என் கார்டுகளில் முதல் வரியில் சரிக்குறி கூடாது, திரையில் தெரிகிற தேதியையே எழுத வேண்டும் என்றார். வேலையை விடுகிற வரைக்கும் ஒவ்வொரு போனுக்கும் எழுதினேன்.

வேலுச்சாமி என்னிடம் கோபப்படவில்லை. மாறாக, நம்ம ராமரண்ணன் அன்னைக்கு வண்டியில கூட்டிட்டுப் போனாரு என்று என்னைப் பற்றி மில்லில் எல்லோரிடமும் சொல்லி, ஆள் ஆளாகக் கஸ்டமர் அனுப்பினார். ஒவ்வொரு தடவை அவர் கும்பிடும்போதும் நான் கார்டைத் தேடுகிற மாதிரி குனிந்துகொள்வேன்.

அது கழிந்து மூன்று வருஷம். எனக்கும் கண் மங்கிவிட்டது, சின்ன ஸ்க்ரூ கண்ணுக்குப் படவில்லை, மாதக் கடைசியோடு நிற்கிறேன் என்று சொல்லியிருந்தேன். அந்த மாதம் வேலுச்சாமி பேட்டரி மாற்ற வந்தார். பேச்சுவாக்கில், முத்துமாரிக்கு ஆவணியில் கல்யாணம் முடிந்துவிட்டது, எம்.ரெட்டியபட்டியில் கொடுத்திருக்கிறார்கள் என்றார். மூன்றாம் ஆள் சொல்லித்தான் அவருக்கே தெரியுமாம். தாய்மாமன் போடுகிற மாலையை அந்தக் கொழுந்தனாரின் மச்சினன் போட்டாராம். கோடி கொண்டு வராதவன் மாலைக்கு மட்டும் எப்படி வருவான்னு பேசியிருப்பாக, சரிதானேண்ணே என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பைத் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். சங்குக்கு மணி வைத்ததாக அவர் சொன்னது, நான் சிரித்தது, தேதியைப் பார்க்காதது, ஆப்பைத் தூக்கியது. அவர் கேட்டது ஒரே கேள்விதான். தேதிய மாத்தியிருந்தா செவ்வாக்கிழமையே அது பேசுனது வந்திருக்குமா? வந்திருக்கும் என்றேன். பழைய பேட்டரியை மேஜை ஓரத்துக்குத் தள்ளிவிட்டுச் சொன்னார்.

“அன்னைக்கு அத்தன பேருக்கு முன்னாடி வாயத் தொறந்திருந்தீகன்னா, மாலைய நான் போட்டிருப்பேன்ணே.”

போனைக் கூட வாங்காமல் எழுந்து போய்விட்டார். அவர் திட்டிவிட்டுப் போயிருக்கலாம். எனக்கு அதுவும் கிடைக்கவில்லை.

அடுத்த நாளே ஷேர் ஆட்டோ பிடித்து எம்.ரெட்டியபட்டிக்குப் போனேன். முத்துமாரி வீட்டில்தான் இருந்தது. என்னை அடையாளம் தெரிந்துகொண்டது. தண்ணீர் கொடுத்தது. உங்க மாமா மேல தப்பே இல்ல தாயி என்று ஆரம்பித்து, மூன்று வருஷத்துக்கு முன்னால் பந்தலில் சொல்லியிருக்க வேண்டியதை அதன் சமையல்கட்டு வாசலில் நின்று சொல்லி முடித்தேன். அது மறித்துப் பேசாமல் கேட்டது. கேட்டு முடித்துவிட்டு, அப்ப புதன்கிழமை காலையில தொறந்தது நீங்களா என்றது. ஆமாம் என்றேன்.

“நான் அம்மா பக்கத்துல உக்காந்து அந்த டிக்கையே பாத்துக்கிட்டிருந்தேன். பெரியவுக எடுக்கலாமான்னு கேக்குறப்பல்லாம், மாமா இன்னும் பாக்கல, பாத்தா வந்துருவாகன்னு நிறுத்திக்கிட்டே இருந்தேன். பத்து மணிக்கு மேல ரெண்டு டிக்கு விழுந்துச்சு. அப்படியே நீலமாச்சு. பாத்துட்டே இருந்தேன். அரைமணி நேரமாகியும் ஒரு வார்த்த வரல. மாமா பாத்துட்டாக, வரமாட்டாக, எடுங்கன்னு நாந்தேன் சொன்னேன்.”

ஒரு டிக் என்றால் செய்தி கிளம்பியிருக்கிறது. இரண்டு என்றால் போய்ச் சேர்ந்தது. நீலமானால் அந்த ஆள் பார்த்துவிட்டார். தினமும் பத்துப் பேருக்கு நான் விளக்கிச் சொன்ன விஷயம். கடையில் நான் ஒவ்வொன்றாகத் திறந்து வைத்துக்கொண்டிருந்தபோது, அங்கே அந்தப் பிள்ளை கையில் ஒவ்வொன்றாக நீலமாகியிருக்கிறது. அது வரைக்கும் பிணத்தை எடுக்க விடாமல் வைத்திருந்தது அந்த ஒற்றை டிக்தான். இரண்டு வார்த்தை தட்டியிருந்தால் இன்னும் முக்கால் மணி நேரம் நிறுத்தியிருப்பார்கள். ராகுகாலத்துக்கு முன்னால் நாங்கள் போய்ச் சேர்ந்துதான் இருந்தோம்.

“நீங்களாவது வந்துக்கிட்டிருக்கோம்னு ஒரு வார்த்த போட்டிருக்கலாம்ல?” என்று கேட்டது முத்துமாரி.

ஜவுளிக்கடை வாசல் என் கண்ணுக்கு முன்னால் வந்தது. கையில் போனோடு நான் நின்றதும், எழவுக்கு வாரேன்னு சொல்லிட்டா போவாக என்று அவர் சொன்னதும்.

“எனக்குத் தோணல தாயி” என்றேன். “அதுவும் என் தப்புதான். மாமாகிட்ட மட்டும் இந்த நீல டிக்கப் பத்தி எப்பவும் பேசிராத. தாங்க மாட்டாரு.” சரி என்று தலையை ஆட்டியது. பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மாமாவ ஒரு நாளைக்கு இங்கன வரச் சொல்லுங்க என்றது.

திரும்பும்போது நேராக மில்லுக்குப் போய், கேட்டில் உட்கார்ந்திருந்த வேலுச்சாமியிடம் அவர் போனைக் கொடுத்தேன். முத்துமாரியைப் பார்த்தேன், எல்லாத்தையும் சொல்லிட்டேன், தப்பு என்னோடதுன்னு அதுக்குத் தெரிஞ்சு போச்சு, உங்கள வரச் சொல்லுச்சு என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. போனைத் திருப்பித் திருப்பித் துடைத்துக்கொண்டிருந்தார்.

“வேற ஒண்ணும் சொல்லலையா?” என்றார்.

“வேற ஒண்ணும் சொல்லல” என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் எம்.ரெட்டியபட்டிக்குப் போய் வந்ததாகக் கேள்விப்பட்டேன். அதற்குப் பிறகு என்னோடு அவர் பேசுவதில்லை. பஸ் ஸ்டாண்டில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். என் தப்பு என்றே அவர் நினைத்துக்கொண்டு இருக்கட்டும்.

தம்பிமாரே, ஆப் சுற்றினால் முதலில் தேதியைப் பாருங்கள். சொல்ல வந்தது அதுதான். இன்னொன்று. பெயரை மாற்றியிருந்தாலும் அந்த வாட்ச்மேன் யாரென்று உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். அவருக்கு வாசிக்க வராது. தயவுசெய்து யாரும் இதை அவருக்கு வாசித்துக் காட்டிவிட வேண்டாம்.